அம்மா ஜாடை

அன்றைக்குக் கடைசிக் குழந்தையையும் அதன் அம்மா கையில் ஒப்படைத்த பிறகு, பிரிசில்லா வேனை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடலூர் முதுநகரில், அவள் வீட்டுத் தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்துவிட்டது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாக்கா, இன்னிக்கு வேன்லயே தங்கிடுறியா? சொல்லு, டீயும் பன்னும் வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்றான் டிரைவர் அன்புமணி.

"வாயப் பாரு. நீ போய் அந்தப் பின் டயரப் பாருடா மொதல்ல. காத்து கம்மியா இருக்காப்புல தெரியுது."

"தெனமும் இதத்தான் சொல்ற. டயரு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று முணுமுணுத்தபடி அவன் பின்பக்கம் போனான்.

அவன் போன பிறகுதான் பிரிசில்லா எழுந்தாள். திரும்பி நின்று, ஏணியிலிருந்து இறங்குவதுபோல முதுகைத் தெருவுக்குக் காட்டி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தரைக்குத் துழாவினாள். கால் தரையைத் தொட்டதும் முட்டிக்குள் உப்புக்கல்லை அரைப்பதுபோல ஒரு சத்தம். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்புமணி திரும்பி வந்தபோது, இத்தனை நேரமும் அங்கேயே நின்றிருந்தவள்போலச் சேலையைத் தட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்க வேண்டும், பிள்ளையைத் தூக்கி உள்ளே விட வேண்டும், திரும்ப ஏற வேண்டும். சாயங்காலம் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அது எப்படிப்பட்ட வேலை என்பதைச் செய்து பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செய்யாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து அக்கா அமராவதி.

"பிரிசி, ரெண்டாவது காலுக்கு டேட் குடுத்துட்டாங்கடி. ஏப்ரல் கடைசியில. அதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கெழமை டாக்டரப் பாக்கணுமாம். நீ ஸ்கூல்ல லீவு சொல்லிடு. பையத் தூக்கிக்கிட்டு என்னால நடக்க முடியாது பாரு."

"சரிக்கா."

"போன தடவ மாதிரி ரெண்டு வாரம் தங்குற மாதிரி துணி எடுத்துக்க. டிஸ்சார்ஜ் ஆனப்புறம் வீட்லயும் ஒரு பத்து நாளு நீ இருக்க வேண்டி வரும். மாமாவுக்கு ஒரு சுடுதண்ணி வைக்கத் தெரியாது."

"சரிக்கா."

சரி என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! ஒருவரிடமாவது அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

பிரிசில்லாவின் அப்பா லூர்துசாமி கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆறடி ஆள். நாற்பத்தைந்து வயது வரைக்கும் யூரியா மூட்டையைத் தலையணைபோலத் தூக்கிப் போட்டவர். அதற்குப் பிறகு முட்டிகள் வீங்கின. கால்கள் வெளிப்பக்கமாக வளைந்தன. இரண்டு காலுக்கும் நடுவே ஒரு குடம் உருண்டு போகலாம் என்று சக தொழிலாளிகள் கேலி செய்தார்கள். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பெரியப்பாவுக்கும் அப்படித்தான். அத்தை ஒருத்தி கடைசிக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்துதான் அடுப்படிக்குப் போனாள்.

லூர்துசாமிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் சார்லஸ், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று விழுப்புரத்தில் குடியிருக்கிறார். அடுத்தவள் அமராவதி. கணவர் ராபர்ட் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் என்பதால் சிதம்பரத்திலேயே வீடு கட்டிக்கொண்டாள். கடைசி பிரிசில்லா. அண்ணனுக்கும் அக்காவுக்கும் அப்படியே அப்பா முகம். அகல நெற்றி, தடித்த மூக்கு, பெரிய தாடை. பிரிசில்லா மட்டும் அம்மா தங்கம்மாளை உரித்து வைத்திருந்தாள். ஒடிசலான முகம், சின்ன மூக்கு, சிரித்தால் கன்னத்தில் விழும் குழி.

அம்மா, பிரிசில்லாவுக்குப் பதினொரு வயதாகும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கடைசி வரைக்கும் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரிந்தவள். மூட்டு வலி என்று ஒரு நாள் கூடச் சொன்னதில்லை.

அப்பா படுக்கையில் விழுந்த காலத்தில், பிரிசில்லா ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு அவருக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள். ஒரு சாயங்காலம் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் அவளுடைய முகத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நீ உங்கம்மா ஜாடைம்மா. உனக்கு இந்தச் சனியன் வராது. சார்லசுக்கும் அமராவுக்கும் வரும் பாரு. என் மூஞ்சி யாருக்கு இருக்கோ அவுங்களுக்கெல்லாம் வரும்."

பாவம், அவர் ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் சொல்லி வைத்ததுபோல ஐம்பதைத் தாண்டியதும் சார்லசுக்கு வந்தது. பின்னாலேயே அமராவதிக்கு வந்தது. அப்பா சொன்னது வேதவாக்காகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் முதலில் மூக்கைத்தான் பார்த்தார்கள். அமராவதியின் மகள் இசைவாணி பிறந்தபோது, "இது ராபர்ட் ஜாடை, தப்பிச்சிடுச்சு" என்று ஆஸ்பத்திரியிலேயே சந்தோஷப்பட்டார்கள்.

வராது என்று தீர்மானிக்கப்பட்டவளுக்கு என்ன வேலை? வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பிரிசில்லாவுக்குப் பெண்ணாடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சர்க்கரை ஆலையில் வேலை, நல்ல பையன். அப்பாவைக் கொஞ்சம் தேற்றிவிட்டுச் செய்யலாம் என்றார் சார்லஸ். அப்பா தேறவில்லை. வரன் காத்திருக்கவில்லை. அப்பா போன பிறகு அவளுக்கு வயது ஏறிவிட்டது. அப்புறம் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. சார்லசுக்குப் புதுச்சேரியில் இரண்டு காலுக்கும் ஆபரேஷன் நடந்தபோது பிரிசில்லாதான் அறையில் தங்கினாள். போன வருஷம் அமராவதியின் வலது காலுக்கு நடந்தபோதும் அவள்தான். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. கூட ஒரு பெண் இருக்கிறாள் என்று உறுதியானால்தான் ஆபரேஷனுக்கே நாள் கொடுப்பார்கள். "யார் இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டால், கேள்வி முடிவதற்குள் "என் தங்கச்சி" என்று பதில் வந்துவிடும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து, பெட்பேன் வைத்து, எடுத்து, கழுவி, திரும்பப் படுத்து... அது தங்கச்சியின் வேலை.

அந்தப் பாயிலிருந்து எழுந்திருக்கும்போதுதான் அவளுக்கு முதன்முதலில் முட்டி வலித்தது. தரையின் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு வேன் படி என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் மண்டியிடும் நேரத்துக்கு, இடமில்லாதவள்போல வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தமாக வண்டி குலுங்கி நின்றது. காலை நீட்ட இடமில்லாமல், மடக்கவும் முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அமராவதி கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். எக்ஸ்ரே கவர், பிளாஸ்க், துணிப்பை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பிரிசில்லா பின்னால் வந்தாள். எந்தக் குடும்பத்திலும் பை தூக்குகிறவள் பின்னால்தான் நடப்பாள். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அவள் நடையை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் தடவையாக எதிரிலிருந்து பார்த்தவர் டாக்டர் பிரீதா. இந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு இருவரும் வருவதைப் பார்த்தவர், அமராவதியை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவளிடம் சொன்னார்.

"நீங்க உக்காருங்கம்மா. எந்தக் காலு ஆபரேஷன் உங்களுக்கு?"

அமராவதி சிரித்துவிட்டாள். "ஆபரேஷன் எனக்கு டாக்டர். இவ என் தங்கச்சி. கூட இருக்க வந்தவ."

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தப் பையெல்லாம் கீழ வச்சிட்டு, கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. வேன்ல ஏறி எறங்குறது, அதான் கொஞ்சம்..."

"நடங்கம்மா."

பையைக் கீழே வைத்தாள். பை இருந்தவரைக்கும் அவள் சாய்ந்து நடப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது வெறுங்கையோடு, பார்வையாளர்கள் இருவர் முன்னால், அந்தச் சின்ன அறையைக் கடக்க வேண்டியிருந்தது. நான்கு அடி வைப்பதற்குள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு அதெல்லாம் வராது டாக்டர்" என்றாள் அமராவதி. "எங்க வீட்ல அப்பா ஜாடைக்குத்தான் வரும். இவ எங்கம்மா ஜாடை. அம்மாவுக்குக் காலு கல்லு மாதிரி இருக்கும்."

"அப்படியா?" என்ற டாக்டர், பிரிசில்லாவுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பேருடைய முட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. ஒன்றில் இரண்டு எலும்புக்கும் நடுவே மெல்லிய கோடாகக் கொஞ்சம் இடைவெளி இருந்தது. மற்றொன்றில் அதுவும் இல்லை. எலும்பு எலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது.

"இந்த மோசமானது என்னுதுதானே?" என்றாள் அமராவதி.

"இல்லம்மா. இது உங்க தங்கச்சியோடது."

வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்கம்மாவுக்கு வலியே கெடையாதா?" என்று டாக்டர்தான் கேட்டார்.

"கெடையவே கெடையாது."

"எத்தினி வயசுல தவறிப்போனாங்க?"

"முப்பத்தெட்டு."

"அந்த வயசுல உங்களுக்கு வலி இருந்துச்சா?"

அமராவதி யோசித்தாள். "இல்ல."

"உங்கண்ணனுக்கு?"

"அவருக்கும் இல்ல. எல்லாம் அம்பதுக்கு மேலதான்."

"அப்போ அம்மாவுக்கு வராதுன்னு எப்படிம்மா சொல்றீங்க? வர்ற வயசு வரைக்கும் அவுங்க இருக்கவே இல்லையே."

ஐயோ, எவ்வளவு சின்னக் கணக்கு! நாற்பது வருஷமாக ஒரு குடும்பம் முழுவதும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே இருந்திருக்கிறது.

"முகம் அம்மா மாதிரின்னா மூட்டும் அம்மா மாதிரின்னு இல்ல" என்று டாக்டர் மெதுவாக விளக்கினார். "ரெண்டு பேருகிட்டருந்தும் கலந்துதான் வருது. ஜாடையப் பாத்துப் பிரிக்க முடியாது. குடும்பத்துல இருந்தா மத்தவங்களவிட உங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. வேலையும் எடையும் அதோட சேந்துக்கும். எல்லாருக்கும் வந்தே தீரும்னும் இல்ல. யாருக்கும் வராதுன்னு எழுதிக் குடுக்கவும் முடியாது." பிரிசில்லாவின் பக்கம் திரும்பினார். "நீங்க இவுங்களுக்குத் துணைக்கு இருக்க முடியாதும்மா. தரையில படுத்து எழுந்திரிக்கவே கூடாது. உங்களுக்குத்தான் மொதல்ல இடது காலு பண்ணணும். காப்பீட்டு அட்டை இருக்கில்ல? சரி, உங்க கூட யாரு இருப்பாங்க?"

பிரிசில்லா வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அவளுடைய பெயர்தான். அது இப்போது உதவாது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கேன்டீனில் இரண்டு காபியும் ஆறிக்கொண்டிருந்தன. அமராவதி போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகிய குரலில் சார்லஸ் பேசினார்.

"இதோ பாரு பிரிசி, வரிசைப்படி பாப்போம். அமராவுக்கு டேட் வந்துடுச்சு. அது மொதல்ல முடியட்டும். நீ ஒரு வருஷம் தைலம் கியிலம் தடவிக்கிட்டு ஓட்டு. அப்புறம் உன்னுதப் பாக்கலாம்."

"அக்காவோடத யாருண்ணே பாத்துப்பா?"

"நீதான். கீழ படுக்க வாணாம், ஒரு சேர் போட்டுக்க."

"அப்புறம் எனக்கு யாரு இருப்பா? அண்ணி வருவாங்களா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "அண்ணிக்குத்தான் முதுகு சரியில்லையேம்மா" என்றார் சார்லஸ். "அப்ப பாத்துக்கலாம், விடு."

போனை அணைத்ததும் அமராவதி தங்கையின்மேல் பாய்ந்தாள். "ஏண்டி, இவ்ளோ மோசமா ஆவுற வரைக்கும் வாயத் தொறக்கல நீ? ஊமையா?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

"ஏன் நம்ப மாட்டேன்?"

"நானே நம்பலியேக்கா." பிரிசில்லா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும். "உனக்கு வராதுன்னு அப்பா சொன்னாருல்ல. வராத வலி எப்படி வலிக்கும்? நடிக்கிறமோன்னு எனக்கே தோணும். வேலைக்குச் சோம்பப்பட்டுக்கிட்டு காலு மேல பழி போடுறமோன்னு ஜெபத்துல மன்னிப்புகூடக் கேட்டிருக்கேன்."

அமராவதி அப்போது ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷ மனசு முதலில் தன் வலியைத்தான் எண்ணும்.

"அப்ப என் ஆபரேஷனுக்கு யாருடி இருப்பா?"

பிரிசில்லா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு காபியையும் தொடாமலே எழுந்தார்கள்.

ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றாக வந்தார்கள். பிரிசில்லா இறங்கிக்கொண்டாள். பைகளை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, கைப்பை ஒன்றை மட்டும் மார்போடு அணைத்தபடி கடலூர் பஸ்ஸை நோக்கி நடந்தாள். வெயிலில் ஆட்டோ திரும்ப வழியில்லாமல் நின்றது. அமராவதி வேறு பார்க்க எதுவும் இல்லாமல் தங்கையின் முதுகைப் பார்த்தாள். பெரியவர்களான பிறகு, தனக்கு முன்னால் பிரிசில்லா நடந்து போவதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பஸ் படி உயரம். பிரிசில்லா வலது கையால் கம்பியைப் பிடித்தாள். இடுப்பை ஒருபக்கமாகத் திருப்பினாள். இடது கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து, காலை ஒரு பொருளைத் தூக்கி வைப்பதுபோலத் தூக்கிப் படியில் வைத்தாள். உடம்பு ஏறவில்லை. மறுபடி முயன்றாள். "ஏறும்மா சீக்கிரம், வண்டி கெளம்புது" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். உள்ளிருந்து ஒரு கல்லூரிப் பெண் கையை நீட்டி இழுத்தாள். பிரிசில்லா தலையைக் குனிந்து, மூச்சை வாய் வழியாக விட்டு, உள்ளே போய் மறைந்தாள்.

"அப்பா!" என்றாள் அமராவதி.

"இன்னாம்மா?" ஆட்டோக்காரர் திரும்பினார்.

அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைத் தொடைக்குக் கீழே கொடுப்பது, அந்த இடுப்புத் திருப்பம், தலையைக் குனிந்து மூச்சு விடுவது. துறைமுகத்து நிறுத்தத்தில் லூர்துசாமி டவுன் பஸ்ஸில் ஏறியது அப்படித்தான். முகம் மட்டும்தான் அம்மாவுடையது. அந்த முகத்துக்குக் கீழே அப்பா நடந்துகொண்டிருந்திருக்கிறார், தன் பைகளைத் தூக்கிக்கொண்டு, தன் பின்னாலேயே, இத்தனை வருஷமாக! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள் அமராவதி.

வீட்டுக்குப் போனதும் சென்னையிலிருந்து மகள் இசைவாணி பேசினாள். சித்தியைப்பற்றி அமராவதி சொன்னதும் அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"அப்ப எனக்கும் வருமாம்மா?"

"நீ உங்கப்பா ஜாடைடி" என்று சொல்லத்தான் அமராவதியின் நாக்கு எழுந்தது. எத்தனையோ தடவை சொன்ன பதில். இன்றைக்கு அதை விழுங்கிவிட்டாள்.

"தெரியலம்மா. வந்தா சொல்லு. மறைக்காத. அது போதும்" என்றாள்.

திங்கட்கிழமை ராபர்ட்டின் வண்டியில் ஏறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் பிரீதாவின் முன்னால் நின்றாள்.

"டாக்டர், என் டேட்ட என் தங்கச்சிக்குக் குடுத்துடுங்க."

"பஸ் சீட்டாம்மா மாத்திக் குடுக்க? அவுங்களுக்குக் காப்பீட்டு ஒப்புதல் தனியா வரணும். மே மாசம் ஆயிடும்."

"அப்ப என்னுத நிறுத்திடுங்க. நான் இப்ப பண்ணிக்கிட்டா மேயில என்னால நிக்க முடியாது. அவளுக்கு யாரும் இல்லாம போயிடும். நான் இருக்கேன் அவ கூட."

"உங்க காலும் வலிக்குதே. இதுக்காகத்தானே இவ்ளோ நாளு காத்திருந்தீங்க?"

"ஒரு காலு புதுசுதான டாக்டர். அத வச்சிச் சமாளிக்கிறேன்."

"கல்யாணம் பண்ணிக் குடுத்தப்ப ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றார் வாசலில் நின்ற ராபர்ட். மனைவி முறைத்த முறைப்பில் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

போனில் சொன்னபோது பிரிசில்லா பதறினாள். "வாணாங்க்கா. நீ பண்ணிக்க. நான் எப்படியாவது வந்து சேர்ல உக்காந்துக்குறேன். எனக்கென்ன, அப்புறம் பாத்துக்கலாம்."

"வாய மூடுடி. அண்ணன் கிட்டயும் சொல்லிட்டேன். வரிசையாம் வரிசை. ஸ்கூலு லீவு வுட்டதும் துணிய எடுத்துக்கிட்டு வா. ரெண்டு பைக்கு மேல தூக்காத."

பிரிசில்லா அழவில்லை. போனை வைத்துவிட்டு நெடுநேரம் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படவும் அவளுக்குக் களைப்பாக இருந்தது.

மே மாதம். கத்திரி வெயில். பெண்கள் வார்டின் மின்விசிறிகள் சூட்டையே சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருந்தன. இடது முட்டியில் கனத்த கட்டோடு பிரிசில்லா கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அமராவதி.

உண்மையைச் சொல்ல வேண்டும். அமராவதியைப் போல ஒரு மோசமான துணையாளை அந்த வார்டு பார்த்திருக்காது. காபி வாங்கப் போனால் ஆறிய பிறகுதான் வந்து சேர்வாள். கஞ்சி ஊட்டினால் பாதி கழுத்தில் வழியும். துப்புரவுப் பெண்ணோடு காலையும் மாலையும் சண்டை. குனிய முடியாது. கீழே விழுந்த மூடியை யாராவது எடுத்துத் தரும் வரைக்கும் காலால் தள்ளிக்கொண்டே இருப்பாள். ஆபரேஷன் ஆகாத இடது கால், நின்று நின்று யானைக்கால்போல வீங்கிவிட்டது.

அந்த வீங்கிய காலைத்தான் பிரிசில்லா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மதியம். அமராவதி நாற்காலியிலேயே வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தாள். பிரிசில்லாவுக்கு அடிவயிறு வெடித்துவிடும்போல இருந்தது. பெட்பேன் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அக்காவை எழுப்பினால் அவள் குனிய வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த லால்பேட்டைக்காரம்மா அவள் நெளிவதைக் கவனித்துவிட்டார். "கூப்புடும்மா உங்கக்காவ."

"தூங்குதுங்க. பாவம், காலு வீங்கியிருக்கு."

"நீ பாவம் இல்லியா?"

பிரிசில்லா உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். படுக்கையை நனைத்துவிடலாம், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா? ஒருவரிடம் ஒன்று கேட்பதைவிட ஈரத்தில் கிடப்பது சுலபம் என்று நினைக்கும் அளவுக்கா?

"அக்கா" என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அக்கா! எழுந்திரு."

அமராவதி திடுக்கிட்டு விழித்தாள். "இன்னாடி? இன்னா ஆச்சு?"

"பெட்பேன் வேணும்."

அமராவதி எழுந்தாள். கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்து, புதுக் காலை ஊன்றி, பழைய காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு, "யேசுவே" என்று முனகியபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனாள். தகரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. முகமெல்லாம் வியர்வையோடு மேலே வந்தாள்.

"எவ்ளோ நேரமா அடக்கி வச்சிருக்க?"

"காலையிலேந்து."

"காலையிலேந்தா! பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், கேக்குறதுக்கின்னா? இன்னொரு தடவ இப்படிப் பண்ணே, ஆஸ்பத்திரின்னும் பாக்க மாட்டேன், அறைஞ்சிடுவேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. போர்வையை விலக்கி, தங்கையின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். "ம், இடுப்பத் தூக்கு."

பிரிசில்லா அந்தக் கையின்மேல் தன் பாரம் முழுவதையும் போட்டு, இடுப்பைத் தூக்கினாள்.